நந்தியின் கண்ணும் நீலத் தறப்பாளும்

நான் எழுதிவரும் எங்கள் தாய்வழிக் குடும்பப் பதிவேட்டில் யசோதினியின் பெயருக்கு எதிரே இரண்டு குறிப்புகள் இருந்தன. மையில் எழுதியது: "2013 ஜனவரி, மேல் மாகாணம், ஆடைத் தொழிற்சாலை, அச்சுப் பிரிவு." பென்சிலில் எழுதியது: "2020 மார்ச், அமிர்தகழி, தற்காலிகம்." இரண்டாவதைப் பென்சிலில் எழுதக் காரணம் இருந்தது. கொரோனாக் காலத்தில் அவள் ஊர் திரும்பியபோது தொழிற்சாலை அவளை விலக்கவில்லை. என்றாவது ஒருநாள் திரும்ப அழைப்பார்கள் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம்.

அந்த அழைப்பு 2024 யூலையில் வந்தது. அந்த மாதம் நடந்தவற்றில் சிலவற்றை நானே கண்டேன். மற்றவை யசோதினியும், அவளோடு வேலை செய்யும் கேதீஸ்வரியும் சொன்னவை. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் யசோதினியின் குறிப்புக் கொப்பியில் உள்ளதையே எடுத்துக்கொண்டேன். அவள் எதையும் நடந்த அன்றே எழுதிவிடும் பழக்கமுடையவள்.

யசோதினி என் சின்னம்மாவின் மூத்த மகள். 1986இல் பிறந்தாள். கணவர் சுதாகரன் வாவியில் தோணி வைத்து இறால் பிடிப்பவர். அவர்களுக்கு ஒரே மகள், விதுர்ஷா. தாய் தொழிற்சாலைக்குப் போனபோது பிள்ளைக்கு மூன்று வயது. திரும்பி வந்தபோது பத்து. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் பிள்ளையை வளர்த்தவள் யசோதினியின் தங்கை வதனி. தாய் வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரைக்கும் எங்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கும், நான்கு நாள் விடுமுறையில் வந்து போவாள். வந்த முதல் நாள் பிள்ளை அவளிடம் வராது. மூன்றாம் நாள் வரும். நான்காம் நாள் பேருந்து ஏறவேண்டியிருக்கும். இதை அவள் ஒருபோதும் முறைப்பாடாகச் சொன்னதில்லை. ஒரு விபரமாகத்தான் சொன்னாள்.

தொழிற்சாலையில் அவள் செய்தது, சட்டைத் துணிகளில் படமும் எழுத்தும் அச்சிடும் வேலை. மெல்லிய நைலோன் துணியை இழுத்துக் கட்டிய ஒரு மரச்சட்டம்; அந்தத் துணியில் படத்தின் கோடுகள் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். சட்டத்துக்குள் மையை ஊற்றி இறப்பர்த் தகட்டால் இழுத்தால், திறந்த கோடுகள் வழியே மை இறங்கித் துணியில் பதியும். அந்த வேலையில் அவள் கை தேர்ந்தவள். ஆனால் சட்டங்களைச் செய்யும் அறை வேறு. அச்சுப் பிரிவினர் அதற்குள் போகக் கூடாது. அந்த அறையின் கதவில் மஞ்சள் கண்ணாடி பதித்திருந்தது. அதனூடாக உள்ளே ஆட்கள் நடமாடுவதை ஏழு ஆண்டுகள் பார்த்திருக்கிறாள். ஏன் மஞ்சள் என்று கேட்டதில்லை.

ஊர் திரும்பிய மறு ஆண்டு, வீட்டோடு சேர்ந்த பின்னறையில் அச்சு வேலையைத் தொடங்கினாள். மூன்று வீடு தள்ளியிருந்த கேதீஸ்வரி துணைக்கு வந்தாள். பாடசாலை விளையாட்டுப் போட்டி பனியன்கள், சங்கங்களின் பதாகைகள், கடைப் பைகள் என்று வேலை வந்தது. தொடக்கத்தில் சட்டங்களைக் கொழும்பில் செய்வித்துப் பேருந்தில் எடுப்பித்தாள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் மேலும் ஐந்து நாள் போய்விடும். "சட்டம் அங்கயிருந்து வரும் மட்டும் நான் அங்கதான் வேலை செய்யிறன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். 2022இல் தானே சட்டம் செய்யத் தொடங்கினாள். எமல்சன் என்று அவர்கள் அழைக்கும் ஒரு பசையை நைலோன் துணியில் பூசி உலர்த்த வேண்டும். பிறகு கறுப்பு மையால் படம் வரைந்த மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் பிடிக்க வேண்டும். வெயில் பட்ட பசை இறுகித் துணியோடு ஒட்டிவிடும். கறுப்புக் கோடு மறைத்த இடத்தில் பசை இளகியே இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கழன்றுபோய்க் கோடு திறக்கும். தொழிற்சாலையில் அதற்கு இயந்திரம் இருந்தது. இங்கே அமிர்தகழி வெயில் இருந்தது. முற்பகல் பத்தரை மணிக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

பூசும் அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று அவள் விளங்கிக்கொண்டிருந்தாள். பசை டின்னோடு வந்த தாளில் "மஞ்சள் ஒளியில் பூசவும்" என்றிருந்தது. ஆகவே யன்னல்களைப் பலகையடித்து மூடி, மஞ்சளாய் எரியும் பழைய குமிழ் விளக்கொன்றை மாட்டினாள். வேலை சரியாகவே வந்தது. ஆனால் அறை அடுப்புப்போல் கொதித்தது. 2024 யூன் கடைசியில், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நாளில், கேதீஸ்வரி அந்த அறைக்குள் மயங்கி விழுந்தாள்.

எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இது பிரிண்டிங் அறையா, பிட்டு அவிக்கிற பானையா கா?"

சுதாகரன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. யூலை 3ஆம் திகதி பலகைகளைக் கழற்றிவிட்டு, தன் வலைகளை மூட வாங்கி வைத்திருந்த புதிய நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை இரு யன்னல்களிலும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் காற்று வரச் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார். அறை குளிர்ந்தது. உள்ளே வெளிச்சம் மங்கி, ஆழத் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. பெண்கள் இருவரும் மகிழ்ந்தார்கள். கேதீஸ்வரி அன்று சுதாகரனுக்கு இரண்டு முறை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள் என்பதும் கொப்பியில் இருக்கிறது.

அதே 3ஆம் திகதி பழைய பசை டின் தீர்ந்து, புதிய டின் ஒன்றும் உடைக்கப்பட்டது. இரண்டு மாற்றங்களும் ஒரே நாளில் நேர்ந்ததுதான் பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

முந்திய நாள் தனோஜன் ஒரு வேலை கொடுத்திருந்தான். அவன் வங்கியொன்றில் எழுதுவினைஞன். மாமாங்கத் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் குழுவின் செயலாளர். பந்தலிலிருந்து கோயில் வீதி வரை கட்டுவதற்கு நானூறு நந்திக் கொடிகள் வேண்டும். வெள்ளைத் துணி, சிவப்புக் கோட்டுச் சித்திரம். படுத்திருக்கும் நந்தி, கழுத்தில் மணிச்சரம், ஊசிமுனைக் கோட்டில் கண். மாதிரி 15ஆம் திகதிக்குள் காட்ட வேண்டும். தவறினால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று அவன் குழு தீர்மானித்திருந்தது.

5ஆம் திகதி செய்த முதற் சட்டத்தில் நந்தியின் முதுகும் கால்களும் வந்தன, கண் திறக்கவில்லை. மணிச்சரத்தின் பாதியும் அடைபட்டிருந்தது. 7ஆம் திகதி இரண்டாவது சட்டம், அதே கதி. தண்ணீரை வேகமாய் அடித்துக் கழுவியபோது கண்ணைச் சுற்றியிருந்த பசையும் பிய்ந்து, கண் இருந்த இடம் புண்போலாயிற்று.

8ஆம் திகதி மாலை தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. அச்சுப் பிரிவில் மேற்பார்வையாளர் இடமொன்று வெற்றிடமாயிருக்கிறது. அவளுக்குத் தர விரும்புகிறார்கள். 20ஆம் திகதிக்குள் பதில் வேண்டும். யசோதினி நன்றி சொல்லி, யோசித்துச் சொல்வதாகக் கூறினாள். பிறகு வீட்டாரை இருத்திச் சொன்னாள்: நுண்ணிய கோடு வராத சட்டத்தை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலை நடத்த முடியாது, பெரிய எழுத்துப் பதாகைகள் எல்லாம் இப்போது கணினியில் அச்சாகின்றன, கையால் அச்சிடுவதற்கு மிஞ்சியிருப்பது துணியில் நுண்ணிய வேலைதான். அதை இங்கே செய்ய முடியுமானால் இருப்பேன், முடியாதென்றால் 20ஆம் திகதி "வருகிறேன்" என்று சொல்வேன்.

சுதாகரன், "நீ போகத்தான் வேணுமெண்டா நான் மறிக்க மாட்டன். ஆனா ஒரு மாட்டுட கண்ணுக்காகப் போகாத" என்றார்.

விதுர்ஷாவுக்கு அப்போது பதினான்கு வயது. அவள் தாயின் முகத்தைப் பாராமலே சொன்னது இது: "போறதெண்டா போங்க. ஆனா டெலிபோன்ல 'சாப்பிட்டியா' எண்டு மட்டும் கேக்காதீங்க. ஏழு வருசம் அதுக்கு மட்டும்தான் நான் பதில் சொன்னன்."

யசோதினியின் அன்றைய கொப்பிப் பக்கத்தில் தொழிற்சாலை அழைப்பைப் பற்றி ஒரு வரி. அதற்குக் கீழே, "நாளை மூன்றாவது சட்டம்" என்று மட்டும் இருக்கிறது.

9ஆம் திகதி பூசி, 10ஆம் திகதி வெயில் காட்டிய மூன்றாவது சட்டமும் பழுதாயிற்று. அந்நேரம் தனோஜன் வந்து சேர்ந்தான். சோதனைத் துணியில் அச்சிட்ட நந்தியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, மாடு நல்லாத்தான் இரிக்கு. ஆனா நித்திரை கொள்ளுது."

"பத்து நாள் திருவிழா முழிக்கணுமெல்லுவா தம்பி," என்றாள் கேதீஸ்வரி. "அதான் இப்பவே படுத்து எழும்புது."

"பகிடி விடாதீங்க மாமி. எங்கட தலைவர் ஏற்கனவே கொழும்புக்குப் போன் எடுத்திட்டார்."

"பதினைஞ்சு எண்டுதானே சொன்னீங்க?" என்று யசோதினி கேட்டாள்.

"ஓம் அக்கா."

"அப்ப பதினைஞ்சு வரைக்கும் கொழும்புக்குச் சொல்லாதீங்க."

அவன் போன பிறகு எல்லோரும் காரணம் சொன்னார்கள். கேதீஸ்வரி கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொன்னாள். வாவியோரக் கிணறு, கோடையில் உவர்க்கும். சுதாகரன் புதிய டின்னைக் குற்றம் சொன்னார். கடையில் வெயிலில் கிடந்து கெட்டிருக்கும் என்றார். கச்சான் காற்றையும் விடவில்லை. யசோதினி மூன்றையும் கொப்பியில் எழுதினாள். நான்காவதாக "வெளிச்சம்" என்று எழுதி, அருகில் ஒரு கேள்விக்குறி இட்டாள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

முதலில் தண்ணீர். பழுதான சட்டத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். கண் திறக்கவில்லை. 11ஆம் திகதி வெளிச்சத்தை எடுத்தாள். தறப்பாளின்மேல் பழைய பலகைகளைச் சார்த்தி, விளக்கையும் அணைத்து, கும்மிருட்டில் பசை பூசினாள். கை தடுமாறிப் பசை ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் தோலாகவும் படிந்தது. அச்சுக்கு உதவாத சட்டம். ஆனால் வெயில் காட்டிக் கழுவியபோது, பசை மெல்லியதாய்ப் படிந்த பக்கத்தில் நந்தியின் கண் ஒரு மயிரிழையாய்த் திறந்தது.

அதே டின். அதே கிணறு. அதே காற்று.

அப்படியானால் கெடுத்தது அறை வெளிச்சம். ஆனால் இதில் அவளுக்கு ஒன்று பொருந்தவில்லை. தறப்பாள் கட்டிய அறையில் மங்கலான வெளிச்சம்தான் இருந்தது. அதில் கேதீஸ்வரிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது. தொழிற்சாலையின் மஞ்சள் அறையோ பட்டப்பகல்போல் இருக்கும். உள்ளே நிற்பவரின் மூக்குக் கண்ணாடி வரை தெரியும். அந்த வெளிச்சத்தில் கெடாத பசை இந்த மங்கலில் ஏன் கெட வேண்டும்? அன்றைய பக்கத்தில் அவள் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "எவ்வளவு வெளிச்சம் என்பதல்ல, எந்த வெளிச்சம் என்று பார்க்க வேண்டும்."

12ஆம் திகதி காத்தான்குடிக்குப் பேருந்தில் போனாள். அவளுக்குக் கொடித் துணி கொடுப்பவர் இஷாம் என்ற கடைக்காரர். கலியாணத் தட்டுகளைச் சுற்றும் நிறக் கண்ணாடித்தாளும் அவரிடம் உண்டு.

"நாலு கலர்லயும் தாங்க நானா. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்."

"என்ன தங்கச்சி, வீட்டில கலியாணமா? ஒரு வார்த்தை சொல்லல்லியே."

"கலியாணம் இல்ல நானா. கண் ஒப்பரேசன்."

"யா அல்லாஹ், ஆருக்கு?"

"மாட்டுக்கு."

இஷாம் கடைசி வரை நம்பவில்லை என்றும், ஆனாலும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் கூடுதலாகவே வெட்டிக் கொடுத்தார் என்றும் அறிகிறேன்.

13ஆம் திகதி சனிக்கிழமை. நான் ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காக அங்கே போயிருந்தேன். ஆகையால் இதை நேரில் கண்டேன். பலகை மூடிய இருட்டறையில் பழைய குமிழை மட்டும் ஏற்றி, ஒரு கழிவுச் சட்டத்தில் பசை பூசி உலர்த்தியிருந்தாள். அதை ஆறு பட்டைகளாகப் பிரித்தாள். ஒன்றைத் திறந்தபடி விட்டாள். ஒன்றை மரத்துண்டால் மூடினாள். மற்ற நான்கின்மேல் நான்கு நிறத் தாள்களையும் இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டினாள். பத்தரை மணிக்குக் கறுப்புத் துணியால் போர்த்தி முற்றத்துக்குக் கொண்டுவந்து, துணியை இழுத்தாள். ஒன்றரை நிமிடம் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்து நின்றோம். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினாள்.

திறந்திருந்த பட்டை கல்லாய் இறுகியிருந்தது. மரத்துண்டின் கீழ் இருந்த பட்டை முதல் வாளியிலேயே சுத்தமாய்க் கழன்றது. "டின்னில குற்றமில்ல," என்றாள் யசோதினி. "தண்ணியிலயும் இல்ல." சிவப்புத் தாளின் கீழும் மஞ்சள் தாளின் கீழும் பசை அப்படியே வழிந்தோடியது; அத்தனை வெயிலும் அவற்றின்மேல் விழுந்தும் பசைக்கு வெயில் பட்டதாகவே தெரியவில்லை. பச்சை இடைநடுவில், பிசுபிசுவென்று நின்றது. நீலப் பட்டையை அவள் மூன்று தடவை தேய்த்தாள். அசையவில்லை. திறந்த பட்டைக்கும் அதற்கும் வேற்றுமை காண்பது எனக்குக் கடினமாக இருந்தது.

பின்னர் நான் கேட்டறிந்த விளக்கம் சுருக்கமானது. பசையில் கலந்திருக்கும் மருந்தை இறுகச் செய்வது ஒளியில் உள்ள நீலமும் ஊதாவும், அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிரும்தான். மஞ்சளும் சிவப்பும் எவ்வளவு விழுந்தாலும் அந்த மருந்து வேலை செய்யத் தொடங்காது. நீலத் தறப்பாள் வெயிலின் மற்ற நிறங்களைத் தடுத்து, கெடுக்கும் நிறத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டிருக்கிறது. பசை உலரும் மூன்று மணி நேரமும் அது சிறிது சிறிதாய் இறுகியது. தடித்த கோடுகள் அதைத் தாங்கின. ஊசிமுனைக் கோடுகள் தாங்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் தாளில் சொன்னபடியே செய்கிறோம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சுதாகரன் கிணற்றடியில் குந்தியிருந்து அந்த நீலப் பட்டையைத் தன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்ப நான்தான் கெடுத்தன்."

"நீங்க எங்களுக்குக் காத்துத் தந்தீங்க," என்றாள் யசோதினி. "கலர்தான் பிழை. காத்தை விடுவம், கலரை மாத்துவம்."

"மாமி மயங்கி விழாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திராது," என்று அவர் கேதீஸ்வரியைப் பார்த்தார்.

"ஓ, இப்ப என்னில போடுங்க. நாளைக்கு நான் செத்து விழுந்தா எந்தக் கலர்ல சீலை போர்த்துவியள்?"

"நீலம் இல்ல மாமி. அது மட்டும் நிச்சயம்."

அன்று பிற்பகலே தறப்பாள் இறங்கியது. ஒரு மடிப்பு மஞ்சள் தாளை நேர்வெயிலில் பத்து நிமிடம் பிடித்தபோது பசையில் சிறு கறை தங்கியது. நான்கு மடிப்பில் ஒன்றும் தங்கவில்லை. ஆகவே யன்னல்களுக்கு நான்கு மடிப்பு என்று தீர்மானித்து, மரப்பட்டிகளில் ஒட்டி மாட்டினார்கள். காற்று வரும் கீழ் இடைவெளிக்கு வெளியே ஒரு தகட்டைச் சரித்து வைத்து, காற்று மட்டும் வளைந்து வர வழி செய்தவர் சுதாகரன். அறை பிரகாசமாகிவிட்டது. கேதீஸ்வரி உள்ளே போய்த் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும் செங்கமாரி வந்து மஞ்சளாப் போன மாதிரி இரிக்கு," என்றாள். பிறகு ஊசியொன்றை எடுத்து வந்து, முதல் தடவையிலேயே நூல் கோத்துக் காட்டினாள்.

14ஆம் திகதி பூசி, 15ஆம் திகதி காலை வெயில் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றியதும் கண் திறந்தது, மணிச்சரம் மணி மணியாய்த் திறந்தது. கேதீஸ்வரி கைதட்டினாள். யசோதினி கைதட்டவில்லை; சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நந்தி மறுபக்கம் நோக்கியிருந்தது. வரைந்த தாளின் மேற்பக்கம் எது என்று அடையாளமிட அவள் எப்போதும் மஞ்சள் பேனையால் ஒரு கோடு கீறுவாள். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியாது. தாளை மறுபக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள்.

"பாதகமில்ல புள்ள," என்றாள் கேதீஸ்வரி. "முன்னுக்குக் கோயிலுக்குப் போன மாடு இப்ப வீட்டுக்குத் திரும்பி வருது. ஆரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்திட்டன் மாமி."

தனோஜனுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு நாள் கேட்டாள். எது பிழைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் அவன் சிரித்தது இவர்களுக்குக் கேட்டது. "ஒரு நாள்தான் அக்கா. அதுக்கு மேல என்னால தலைவரைப் பிடிச்சு வைக்க ஏலாது." அன்றிலிருந்து அடையாளக் கோடுகள் கறுப்புப் பேனையில் கீறப்படுகின்றன.

16ஆம் திகதி மாலை தனோஜன் வந்தான். திருத்திய சட்டத்தில் அச்சிட்ட மாதிரிக் கொடியை வெளியே கொண்டுபோய்ப் பத்து அடி தள்ளி நின்று பார்த்தான். "முழிச்சிட்டுது," என்றான். நானூறுக்கும் சம்மதம் சொன்னான். போகும்போது, "அக்கா, இனி வருசா வருசம் நீங்கதான் செய்யிறியளா?" என்று கேட்டான். யசோதினி, "இருவதாந் திகதி சொல்றன்" என்றாள். அவனுக்கு அது விளங்கவில்லை. மற்றவர்களுக்கு விளங்கியது.

கேதீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. "இன்னும் என்னகா சொல்லக் கிடக்கு? கண்தான் திறந்திட்டே."

"ஒண்டு சரியா வந்திரிக்கு. அது அதிர்ஷ்டமாயும் இருக்கலாம். இன்னும் மூண்டு செய்து பாக்கணும்."

இதைப் பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி எண்ணவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் சட்டங்கள் மறுபடி பழுதாகிப் பேருந்து ஏறுவதைவிட, நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்று அவள் கருதினாள். கொடிகளைக் கேதீஸ்வரியிடம் விட்டுவிட்டு, அவள் சட்டங்களில் இறங்கினாள். 17ஆம் திகதி செய்த சட்டத்தில் அரிசிமணியளவு எழுத்துகள். வந்தன. 18ஆம் திகதி காலையில் வானம் மப்பாயிருந்தது. ஒன்றரை நிமிடம் போதாமல் பசை முழுதும் கழன்று போயிற்று. அதையும் எழுதினாள்: "அறை குற்றமில்லை, வெயில் குறைவு." மறுநாள் அதே படத்தை நல்ல வெயிலில் செய்தாள். வந்தது. மூன்றிலும் அறையில் குற்றம் இருக்கவில்லை. அன்று பிற்பகலே நான்காவது சட்டத்துக்குப் பசை கலக்கி வைத்தாள்.

20ஆம் திகதி, சனிக்கிழமை காலை, அவள் மஞ்சள் அறைக்குள் அந்த நான்காவது சட்டத்தில் பசை இழுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இரண்டு கைகளிலும் பசை. கேதீஸ்வரிதான் தொலைபேசியை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தாள். யசோதினி சிங்களத்தில் பேசினாள். ஆகையால் கேதீஸ்வரிக்குச் சொற்கள் விளங்கவில்லை. குரலை வைத்தே அறிந்தாள். முதலில் சுகம் விசாரித்தாள். பிறகு நன்றி சொன்னாள். பிறகு மறுமுனை எதையோ நீளமாகச் சொல்ல, யசோதினி பசைத் தகட்டை ஒரே சீராக மேலே இழுத்து முடித்துவிட்டு, சுருக்கமாக இரண்டு மூன்று பதில்கள் சொன்னாள்.

"என்ன சொன்ன?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

"வரல்ல எண்டன்."

"அவ்வளவுதானா?"

"சட்டம் செய்யிற அறையில இருக்கிறன், கை ஒழிவில்ல எண்டும் சொன்னன். எந்தத் தொழிற்சாலை எண்டு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கட எண்டன்."

இந்த உரையாடலை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆகவே பதிவேட்டில் பென்சில் வரியை அழித்து, "அமிர்தகழி. திரை அச்சுத் தொழில், சட்டம் செய்தல் உட்பட" என்று மையில் எழுதினேன். "சட்டம் செய்தல் உட்பட" என்பது அவள் கேட்டுச் சேர்த்தது.

நானூறு கொடிகளும் கொடியேற்றத்துக்கு முதல் நாளே தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தவிர, கூடுதலாய் அச்சிட்ட ஏழு கொடிகளில் மை சற்றுப் பரவி நந்தியின் கண் பெரிதாகிவிட்டிருந்தது. யசோதினி அவற்றை ஒதுக்கச் சொன்னாள். கேதீஸ்வரி ஒன்றை மட்டும் ஒளித்துத் தன் வாசலில் கட்டினாள். சுதாகரன் தறப்பாளை மீண்டும் வலைகளுக்கே போர்த்தினார்.

இனி 20ஆம் திகதி நடந்த மிச்சம். தொலைபேசி வைத்த சிறிது நேரத்தில் கேதீஸ்வரி தன் வீட்டுக்குப் போய்விட்டாள். யசோதினி பசை உலரும்வரை அறைக்குள்ளேயே இருந்தாள். பசை உலர உலரத்தான் வெளிச்சத்துக்கு அதிகம் கெடும்; இனிக் கதவைத் திறந்தால் முற்றத்து வெயில் உள்ளே பாயும். ஒரு மணியளவில் கதவு தட்டப்பட்டது.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

கதவின் கைப்பிடி அசைந்தது.

"திறக்காத புள்ள. பசை காயல்ல."

"எவ்வளவு நேரம்?"

"இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும்."

விதுர்ஷா போகவில்லை. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்தாள். அந்த வாரம் பள்ளியில் யார் யாரோடு கோபம் என்பதில் தொடங்கி, பசை உலர்ந்து முடியும்வரை கதவினூடாகத் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.